துண்டு கேட்ட வகுப்பு

ஒரு வகுப்பை முழுதாகக் கையில் வாங்கி, அதே வாரத்தில் ஒரு தலைகூட மிச்சமில்லாமல் தொலைத்துவிட்டு நின்றவன் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் கதைக்குக் கை கால் முளைத்துவிடும்.

பதுளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்கு ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கிருந்தோ ஒரு கிறுக்கைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். மாணவர்கள் ஆளுக்கு ஒரு வாரம் சட்டாம்பிள்ளையாக இருந்து வகுப்பை நடத்த வேண்டும். வெள்ளிக்கிழமை முன்னால் வந்து நின்று, அந்த வாரத்தில் தன்னைப் பற்றித் தான் என்ன கண்டுபிடித்தான் என்று சொல்ல வேண்டும். (பாடம் சொல்லிக்கொடுங்கள் ஐயா என்றால் கண்டுபிடிக்கச் சொல்கிறார். என்னத்தைக் கண்டுபிடிக்க? மீசை முளைக்கவில்லை என்பதைத் தவிர அந்த வயதில் என்னிடம் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.)

என் முறை வந்த வாரம் பார்த்து எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு ஒரு சின்னக் கணக்கப்பிள்ளை தேவைப்பட்டது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டம். என் அப்பா அங்கே பெரிய கங்காணி. ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்த பையன் வேண்டும் என்று துரை மாஸ்டரிடம் சொல்லி, வெள்ளிக்கிழமை தானே வந்து என்னைப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் காலில் சப்பாத்து, தனி வீடு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கிடைக்காவிட்டால் அப்பாவுக்குக் கீழே சில்லறைக் கங்காணி. அப்பாவுக்குக் கீழே என்றால் ஆயுசு முழுக்க ஏச்சு என்று அர்த்தம். அப்பாவோ பொறுமை இல்லாத மனிதர். "நம்ம பய கணக்கப்புள்ள ஆயிட்டான்" என்று முந்தின வாரமே லயம் லயமாகச் சொல்லி முடித்துவிட்டார்.

ஆள் மேய்க்கும் வித்தையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அப்பா காலையில் பெரட்டுக் களத்தில் செய்வது. ஆட்களெல்லாம் வரிசையில் நிற்க, கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக அப்பா பேர் கூப்பிடுவார். அந்தக் கத்தலுக்கு மலையே எழுந்து உட்காரும். பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். துரை பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ரசிப்பார்.

திங்கட்கிழமை அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கைவிரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. வகுப்பை முற்றத்தில் நிறுத்திப் பெரட்டு எடுத்தேன். பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர் போட்டு, பாதி நாள் வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். எழுதிக்கொண்டிருந்தவனின் பின்னால் போய் நின்று, "என்னடா தடவிக் குடுத்துக்கிட்டு இருக்க? கையி ஓடட்டும்! கொழுந்து முத்திப் போவுது!" என்று கத்தினேன். (அவன் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.) மாஸ்டராவது ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார், புண்ணியவான்!

காசிம் என் உயிர்ச் சிநேகிதன். அவன் வாப்பா பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். புதன்கிழமை அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்று அவனையே முழங்காலில் நிறுத்தினேன்.

"டேய், ஒனக்கு என்னமோ புடிச்சிருக்குடா. அந்தக் கோட்டக் கழட்டிட்டுப் பேசு."

"கங்காணிகிட்டயே வாய் காட்டுறியா? போடு அரைப்பேர்!"

வியாழக்கிழமை வகுப்பு கப்சிப். ஆகா, தொழில் பிடிபட்டுவிட்டது என்று பூரித்துப்போனேன். மடையன்! தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? இருக்கிற இடம் பிடிக்காத ஆட்கள் சத்தமே போட மாட்டார்கள். கூடிப் பேசுவார்கள். பிறகு துரையிடம் துண்டு வாங்கிக்கொண்டு மொத்தமாக வேறு தோட்டத்துக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். துண்டு என்பது, இவர்களை விட்டுவிட்டோம், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று துரை கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை துரை குதிரையில் வந்து இறங்கினார். மாஸ்டர் வாசலுக்கு ஓடினார். நான் கோட்டை உதறிவிட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். ஒருவன்கூட இல்லை. உட்காருகிற வாங்குகள் மட்டும் வரிசையாக இருந்தன. காசிம் மாத்திரம் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஆளுங்க எங்கடா?"

"மூணாம் வகுப்புல பேர் பதிஞ்சிட்டோம். அந்த சார் கத்த மாட்டாரு. நீ துண்ட மட்டும் குடுத்துடு, நானும் போயிடுறேன்."

"துண்டெல்லாம் குடுக்க முடியாது! டேய் காசிம், தொரை வந்துட்டாருடா. இன்னைக்கு மட்டும் எல்லாரையும் கூட்டியா. ஒன் கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"கோட்டோட விழுவியா, கழட்டிட்டு விழுவியா?" என்று கேட்டுவிட்டு அவன் துண்டில்லாமலேயே போய்விட்டான்.

துரையும் மாஸ்டரும் உள்ளே வந்தார்கள். துரை காலி வாங்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கே ஆள் எல்லாம்?"

என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "எல்லாரும் வேலைக்குப் போயாச்சுங்க, தொரை!"

"என்ன காணும் வேலை?" என்றார் மாஸ்டர்.

அந்த நேரம் பார்த்து அரைச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வாய்ப்பாடு கிளம்பியது. சின்னப் பிள்ளைகளின் கீச்சுக் குரலோடு, உடைந்துபோன கட்டைக் குரல்களும் சேர்ந்து வந்தன. துரை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வகுப்புத் தடியன்கள் பூராவும் குட்டி வாங்குகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, இரண்டாம் வாய்ப்பாட்டை ஆனந்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நாளாவது இப்படி வாய் திறந்திருப்பான்களா, பாவிகள்!

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கு அவர் கிறுக்குத்தான் முக்கியம்.

"சரி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. உம்மைப் பற்றி என்ன அறிஞ்சனீர் எண்டு சொல்லும்."

காலி வாங்குகளுக்கு முன்னால் போய் நின்றேன். அழுகை வந்தது. "எங்கப்பாவோட கோட்டு எனக்குப் பெரிசுங்க, சார்" என்றேன்.

வேலை ஹல்துமுல்லைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் போனது. துரை மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போக, அப்பா அதே களத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என் மானத்த வாங்கிட்டியேடா! எதுக்குடா அப்புடிக் கத்தித் தொலைச்ச?"

"நீங்க கத்துறீங்கல்ல? அதத்தான் செஞ்சேன்."

"அட மடப்பயலே! நான் பெரட்டுல கத்துறது ஆளுங்களுக்காடா? தொரை காதுக்குடா அது! அவரு பங்களாவுக்குத் திரும்புனதுக்கப்புறம் மலையில நான் எப்புடிப் பேசுறேன்னு என்னைக்காச்சும் வந்து பாத்தியா?"

பார்த்ததில்லை. மலைக்குப் போனால் அட்டை கடிக்கும்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று நானும் கத்தினேன். "எனக்கு எப்புடித் தெரியும்?"

"இங்க நிக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரியும்டா. தொரைக்கும் ஒனக்குந்தான் தெரியாது!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்று, பின்னாளில் எனக்கு வாழ்க்கைப்பட்டவளுடையது.

நான் சில்லறைக் கங்காணியாகவே காலத்தை ஓட்டினேன். வீட்டில் மட்டும் எப்போதாவது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். நேற்றுக் குழம்பில் உப்பில்லை என்று உயர்ந்தது. கொஞ்சம்தான். என் மனைவி சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க புள்ளைகளா, பேர் பதியப் போவோம்" என்றாள். மொத்தக் குடும்பமும் அடுத்த வீட்டிலிருக்கும் அவள் அக்காவிடம் போய்விட்டது. அங்கே சிரிப்புச் சத்தம். கருவாடு பொரிக்கிற வாசம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு எழுந்து போய் அந்த வாசலில் நின்று, "எனக்கும் ஒரு தட்டு கெடைக்குமா?" என்று கேட்டேன்.

என் சின்ன மகள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"துண்டு எங்கேப்பா?"