நாலு நிறம், நாலு டயர்

“கறுப்பா?” என்றாள் ரௌஷான்.

பெட்டியைப் பிரித்துப் போனை அவள் கையில் கொடுத்து இன்னும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைர்பெக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினான்.

“கறுப்புதான். விக்கும்போது விலை விழாத கலர் அது ஒண்ணுதான். பஜார்ல யாரை வேணாலும் கேட்டுப் பாரு.”

“நான் இன்னும் அலோன்னுகூடச் சொல்லலை. அதுக்குள்ள விக்கறதுக்குப் போயிட்டீங்களா?”

“வாங்கற அன்னிக்கே விக்கற நாளை யோசிக்கணும். அப்பதான் நஷ்டப்பட மாட்டோம்.”

இது கைர்பெக்கின் வெறும் பேச்சு அல்ல, கொள்கை. புதுப் பொருள் கடைவாசலைத் தாண்டியதுமே பாதி விலை போய்விடும், புதிதாக வாங்குகிறவன் அடுத்தவனுக்குத் தள்ளுபடி கொடுப்பதற்காகவே பிறந்தவன் என்று அவன் கரகண்டா நகர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். வீட்டில் சோபா, ஃபிரிட்ஜ், தையல் மெஷின், வாசலில் நிற்கும் கார், எல்லாம் யாரோ ஒருவர் பயன்படுத்தி அலுத்துப்போய் விற்றவை. அப்படி வாங்கியதையும் சும்மா விடமாட்டான். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்கு மேல் ஒரு விரிப்பு, அதற்கு மேல் இன்னொரு விரிப்பு. அந்தச் சோபாவின் உண்மையான நிறம் என்ன என்று அவர்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

போன வாரம் ரௌஷானின் போன் கொதிக்கிற இறைச்சிச் சாற்றில் விழுந்து உயிரை விட்டது. வழக்கம்போலப் பழைய போனுக்குத்தான் அலைந்தான். கிடைத்ததில் ஒன்றுக்குப் பேட்டரி ஊதியிருந்தது, இன்னொன்று காதில் வைத்தால் சுட்டது. வேறு வழியே இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணமான பிறகு முதல் தடவையாக அவன் புதுப் பொருள் ஒன்றை வாங்கினான்.

அதனால்தான் நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலை. பனிக்கால டயர் நாலு வாங்குவதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். கைர்பெக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன்; சொந்தக் காரில்தான் பயிற்சி. பனி இறங்கிவிட்டால் நல்ல டயர் இல்லாத காருக்குப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொள்ள ஆள் அனுப்ப மாட்டார்கள். ஆகவே அந்த டயர் பணத்தில் ஒரு காசு கைவைக்காமல் இந்தப் போன் விவகாரத்தை முடிக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே பிரார்த்தனை.

மறுநாள் அவன் வேலைக்குப் போயிருந்தபோது வீட்டில் பெண்கள் கூடினார்கள். புதுப் பொருள் வந்தால் சொந்தபந்தமும் அக்கம்பக்கமும் வந்து பார்த்து, பைகாஸி என்று கையில் ஏதாவது வைத்து வாழ்த்திவிட்டுப் போவதுதானே முறை. கைர்பெக்கின் அண்ணன் மனைவி குல்ஷிரா அண்ணி வந்தாள், எதிர்வீட்டு லுத்மிலா வந்தாள், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். மாலையில் திரும்பிய கைர்பெக்கின் கண்ணில் பட்டது எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி இருந்த காலித் தட்டும், காலியான வெண்ணெய்க் கிண்ணமும்தான்.

“எப்படி, எல்லாரும் அசந்துட்டாங்களா?” என்றான்.

ரௌஷான் பெருமூச்சு விட்டாள். “அண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா? இழவு வீட்டுக்கு எடுத்துட்டுப் போற போன் மாதிரி இருக்காம்.”

“இழவு வீட்டுக்குன்னு தனியா போன் இருக்கா?”

“எனக்கென்ன தெரியும்? பெரியவங்க சொல்றாங்க. எனக்கும் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி இருக்கு. கைப்பைக்குள்ள போட்டா தேடவே முடியலை.”

“சரி, வேற எந்தக் கலர்தான் வேணும்? சொல்லித் தொலை.”

“நான் என்னத்தைக் கண்டேன்? நீங்களே பார்த்து வாங்கிட்டு வாங்க.”

பஜாரில் போன் விற்கும் ஜாந்தோஸ் அவனைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினான். கறுப்புப் போனைப் பார்த்ததும் ஒரு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“பெட்டி பிரிச்சாச்சே அண்ணே. இனி இது பழைய போன்.”

“ரெண்டே நாள்தான்டா ஆச்சு! கறுப்பு விலையே விழாதுன்னு நீதானே சத்தியம் பண்ணினே?”

“இப்பவும் பண்றேன். கறுப்பு விலை விழாது. ஆனா எல்லாரும் இதையே நம்பிக் கறுப்பா வாங்கிக் குவிச்சுட்டாங்க. அதனால கொஞ்சம் குனிஞ்சிருக்கு. வெள்ளையை எடுத்துக்கோங்க. பொண்ணுங்களுக்கு வெள்ளைதான். ஒரு வருஷம் கழிச்சுக் கொண்டுவாங்க, நானே வாங்கிக்கறேன்.”

கறுப்பை எடுத்துக்கொண்டது போக மேலே கொடுக்க வேண்டிய தொகையை அவன் சொன்னபோது, கைர்பெக்கின் மனதில் ஒரு டயர் தானாகக் கழன்று உருண்டோடியது. மூன்று டயரை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது என்று வழியெல்லாம் யோசித்தபடி வீடு வந்தான்.

வெள்ளைப் போனைப் பார்க்கவும் பெண்கள் வந்தார்கள். பைகாஸி சொல்லி வாழ்த்தினார்கள். இந்தத் தடவை பவுர்சாக்கோடு குதிரைக்கறிக் கஸியும் காலியாகியிருந்தது. அது பண்டிகைக்கென்று எடுத்து வைத்த கஸி.

“இப்ப என்ன?” ரௌஷானின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டான் கைர்பெக்.

“அண்ணி சொன்னாங்க...”

“அண்ணி என்னதான் சொல்றாங்க இந்தத் தடவை?”

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்காம். அதை விடுங்க. இதைப் பாருங்க. மாவுக் கையால தொட்டா மாவு தெரியுது, எண்ணெய்க் கையால தொட்டா எண்ணெய் தெரியுது.”

“கையைக் கழுவிட்டுத் தொடேன்!”

“போன் அடிக்கும்போது கையைக் கழுவிட்டு வரவரைக்கும் எங்க அம்மா லைன்ல காத்துட்டிருப்பாங்களா?”

கைர்பெக் போனைத் துடைத்துப் பார்த்தான். எலுமிச்சம்பழம் போட்டுத் துடைத்தான். பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று பற்பசை போட்டுத் துடைத்தான். பற்பசை மூலையில் ஒரு கீறலை உண்டாக்கியது. அதுவரை வெறும் அழுக்காக இருந்த போன் அந்த நிமிடத்திலிருந்து அடிபட்ட போனாகிவிட்டது.

“அய்யோ, வெள்ளையா!” என்றான் ஜாந்தோஸ், போன வாரம் தானே விற்றதை மறந்தவனாக. “வெள்ளை மஞ்சளடிக்கும் அண்ணே. யாரு வாங்குவா?”

“பொண்ணுங்களுக்கு வெள்ளைதான்னு சொன்னியேடா படுபாவி!”

“வாங்கறதுக்கு வெள்ளை. விக்கறதுக்கு இல்லை. நீங்க நீலத்தை எடுத்துக்கோங்க. நம்ம கொடியோட கலர். அதை வேண்டாம்னு சொல்ல இந்த நாட்டுல எவனுக்குத் தைரியம் வரும்?”

கைர்பெக் கொடியை எதிர்க்கவில்லை. இரண்டாவது டயரும் போனது.

நீலத்தின் மேல் அவனுக்கு நிஜமாகவே நம்பிக்கை இருந்தது. பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் தட்டுகளைப் பார்க்காமல் நேராக ரௌஷானின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று அவன் செருப்பைக் கழற்றிய நேரத்தில் போன் அடித்தது. ரௌஷான் தையல் மெஷினில் கையாக இருந்ததால் அவனே எடுத்தான்.

“கண்ணே, சாயங்காலத்துக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?” என்றது ஓர் ஆண் குரல், கனத்த ரஷ்ய வாடையோடு.

கைர்பெக்குக்கு ரத்தம் தலைக்கேறியது. “யாருடா நீ?”

“நீ யாருடா?” என்றது குரல்.

இரண்டு பேரும் இதையே ஒருவரை ஒருவர் நாலைந்து தடவை கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அந்தக் குரல் போனிலும் படிக்கட்டிலும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்தது. கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தவன் லுத்மிலாவின் கணவன். லுத்மிலாவிடமும் அதே நீலத்தில் அதே போன் இருந்தது. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

போன்கள் கைமாறின. இரண்டு ஆண்களும் கை குலுக்கிக்கொண்டார்கள், ஆனால் அழுத்திக் குலுக்கினார்கள்.

“பார்த்தீங்களா?” என்றாள் ரௌஷான், அவன் போனதும். “இந்தக் கலர் வீட்டுக்கு ஆகாது. கொலை விழும்போல இருக்கு.”

“ரௌஷான், உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன். எந்தக் கலர் வேணும்னு உன் வாயால ஒரே ஒரு தடவை சொல்லிடு. பச்சைன்னா பச்சை. கோடு போட்டதுன்னா கோடு போட்டது.”

“கலர்ல என்னங்க இருக்கு? நீங்க பார்த்து எது வாங்கினாலும் சரிதான்.”

அவனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கலரில் ஒன்றும் இல்லை என்கிறவள் எதற்காக ஒவ்வொரு கலராக வேண்டாம் என்கிறாள்? விதிப் புத்தகத்தில் இல்லாத கேள்வியைச் சாலையில் கேட்கும் மாணவனிடம்கூட அவன் இவ்வளவு திணறியதில்லை.

ஜாந்தோஸ் இம்முறை கையே நீட்டவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டான். “உட்காருங்க அண்ணே. உங்களைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு. நீலம் இப்ப யாரும் கேக்கறதில்லை. கடையில மிச்சம் இருக்கறது கத்தரிப்பூக் கலர் மட்டும்தான்.”

“அது விக்குமா?”

“விக்காது” என்றான் ஜாந்தோஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசுகிறவனின் நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. “இதை எடுத்துட்டுப் போனா திருப்பிக் கொண்டுவராதீங்க. நான் வாங்க மாட்டேன், வேற எவனும் வாங்க மாட்டான். கடைசிவரைக்கும் நீங்கதான் வெச்சுக்கணும்.”

விற்கவே முடியாத பொருள்! மற்ற எந்த நாளாக இருந்தாலும் கைர்பெக் அந்தக் கடையை விட்டு ஓடியிருப்பான். அன்று அவனுக்கு அது வரமாகப் பட்டது. திருப்ப முடியாது என்றால் மாற்றவும் முடியாது; மாற்ற முடியாது என்றால் அண்ணி எதைச் சொன்னாலும் கவலை இல்லை. மிச்சமிருந்த இரண்டு டயரையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

மறுநாள் பயிற்சிப் பள்ளியில் மேலாளர் அவன் காரைச் சுற்றி வந்து, டயர்களைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “டயர் மாத்திட்டு வாங்க, அப்புறம் ஆள் அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பட்டப்பகலில், காரை அங்கேயே விட்டுவிட்டு, பேருந்துக்குக்கூட மனமில்லாமல் பனியில் நடந்து, கைர்பெக் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இவ்வளவு நாளில் முதல் தடவையாக, பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே.

தரையில் விரித்த சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். நடுவில் பவுர்சாக் மலையாகக் குவிந்திருந்தது. மூச்சு வாங்க மாடி ஏறி அப்போதுதான் வந்து அமர்ந்திருந்தாள் குல்ஷிரா அண்ணி. கத்தரிப்பூப் போன் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. ரௌஷான் அவனைக் கண்டதும் தேநீரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றிவிட்டாள்.

“என்னங்க இந்த நேரத்துல?”

கைர்பெக் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

“அண்ணி, இந்தத் தடவை நேராவே கேட்டுடறேன். கத்தரிப்பூ உங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையா? பிடிக்கலைன்னாலும் இதோட முடிஞ்சது. மாத்தறதுக்கு என்கிட்ட இன்னொரு டயர் கிடையாது. நாலையும் இந்தப் போன் தின்னுடுச்சு. வேலையும் நின்னு போச்சு!”

அண்ணி விழித்தாள். பையிலிருந்து எடுத்த ஒரு காகித உறை அவள் கையில் பாதியில் நின்றது.

“எனக்கு எதுக்குத் தம்பி பிடிக்கணும்?”

“கறுப்பு இழவு வீடு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே?”

“நானா?”

“வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு?”

“எனக்குக் கண்ணாடி இல்லாம எதுவும் சரியாத் தெரியாதே” என்றாள் அண்ணி. “அந்தப் போன் என்ன கலர்னுகூட நான் பார்க்கலை.”

கைர்பெக் மெல்லத் திரும்பி ரௌஷானைப் பார்த்தான். அவள் ரொம்பக் கவனமாக, ஏற்கனவே நிரம்பியிருந்த ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். லுத்மிலா கூரையைப் பார்த்தாள். மற்றவர்கள் பவுர்சாக்கைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஓர் உறை இருந்ததை அப்போதுதான் அவன் கவனித்தான். ஒன்றும் மெலிசாக இல்லை.

“அப்ப நாலு தடவை எதுக்கு இந்தக் கூத்து?” என்றான்.

அண்ணி உறையை ரௌஷானின் கையில் திணித்துவிட்டு, அவனைப் பார்த்து அலுத்துக்கொண்டாள்:

“நாங்க வீடு, காரு, வாஷிங் மெஷின்னு புதுசு வாங்கினப்பல்லாம் இவ தையல் காசைக் கொண்டுவந்து பைகாஸி வெச்சா, நாங்க திருப்பி வைக்கலாம்னா உன் வீட்டுக்குப் புதுசா ஒரு கரண்டிகூட வரலை, அதான் ஒரே போனை நாலு தடவை புதுசாக்கி வசூல் பண்ணிக்கிறா, நீ அந்த டயரை முதல்லயே புதுசா வாங்கியிருந்தா, ஒவ்வொரு டயருக்கும் ஒரு பைகாஸி வெச்சு அன்னிக்கே கணக்கை முடிச்சிருப்போமே தம்பி!”