விளிப்போடு நின்ற கொள்கை விளக்கம்

தோர்ண்டன் ஹீத், இலண்டன்
ஐப்பசி 2009

அன்புசால் மைத்துனர் சண்முகராசா அவர்கட்கு,

ரொறன்ரோக் குளிர் உம்மையும் குடும்பத்தாரையும் மெல்லத் தீண்டுக. இங்கே குளிர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. என் இல்லாளாகிய உம் தமக்கை கமலாம்பிகைதான் செய்தாள். அதை முறையிடவே இம்மடல்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. உம் தமக்கை கற்பிக்கும் உயர்வகுப்பில் மாணவர் அருகிவிட்டதால், அதை மூடுவதா காப்பதா என்பதே இவ்வாண்டின் வழக்கு. காப்பதற்காகவே நான் களம் புகுந்தேன். தமிழ் பிழைக்க நெருப்பாய் ஓர் உரை யாத்து, நிலைக்கண்ணாடி முன் நின்று நாள்தோறும் முழங்கினேன். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் கதவைத் தட்டி என் உடல்நலம் வினவிப் போனார். ஆனால் சங்கச் செயலாளர் றமணன், தொழிலால் கணக்காளர், சென்ற ஆண்டு அமெரிக்கச் சனாதிபதிப் பதவியை நாடியோர் வரிசையாய் நின்று வாதிட்டதைத் தொலைக்காட்சியில் கண்டு நெஞ்சு பறிகொடுத்தவர். வேட்பாளர் மூவரும் தத்தம் கொள்கையை மும்மூன்று நிமிடங்களில் விளக்குக என்று விதித்து, நேரம் காட்டத் தம் வீட்டுப் பூசைமணியையும் எடுத்து வந்துவிட்டார்.

கடைக்காரர் புவனேந்திரன் முதலில் எழுந்து, உயர்வகுப்பை மூடி அவ்வறையில் மேசைப்பந்து வைப்போம் என்றார். மணி ஒலித்ததும் முன்வரிசை முதியோர் பழக்கத்தால் கைகூப்பினர். அதை அவர் தமக்கான வணக்கமென்று கொண்டார். அடுத்தவர் யோகமலர். அவையை விளிக்கவில்லை, வணக்கமும் இல்லை. "பெரிய பிள்ளையளுக்குச் சனிக்கிழமை வேலை. வெள்ளி பின்னேரம் வகுப்பை வைச்சால் வருவினம். மண்டபத்துக்காரரோடை கதைச்சிட்டன்" என்றார், அமர்ந்துவிட்டார். மணிக்கு வேலையே இல்லை.

பின்னர் நான். மைத்துனரே, அவையை விளிக்காமல் பேச்சைத் தொடங்கலாமா? ஒருமுறை பொருளாளரின் மாமனாரை விளிக்க மறந்தேன். இன்றும் கடையில் என்னைக் கண்டால் கருவாட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறார். ஆதலால் தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்தம் மாமனார், ஆசிரியப் பெருந்தகையர், புரவலர், தேநீர் வார்க்கும் திருக்கரங்கள் என ஒருவரும் விடுபடாது விளித்து, "என் கொள்கை யாதெனில்" என்று கையை உயர்த்தினேன். மணி அடித்தது. முதியோர் கைகூப்பினர். றமணன் இரங்கி, "ஐயா, இன்னும் முப்பது செக்கன் தாறன். ஒரு வசனத்திலை சொல்லுங்கோ" என்றார். வாய்ப்பளித்தவர்க்கு நன்றி நவிலாது எங்ஙனம் தொடங்குவது? நன்றி முடியவும் மணி அடித்தது.

மேடையிலிருந்து இறங்கியவனிடம் உம் தமக்கை சொன்னது இது: "இஞ்சருங்கோ, எல்லாற்றை பேரும் சொன்னியள். என்ரை வகுப்பைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

வாக்கு எண்ணினர். என்னால் விளிக்கப்பெற்றோர் பெரும்பாலும் எனக்கே இட்டிருந்தும், யோகமலர் ஒரே ஒரு வாக்கால் வென்றார். அந்த ஒற்றை வாக்கு என் இல்லத்திலிருந்துதான் போயிற்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உம் தமக்கை சீட்டை உள்ளங்கையால் மூடி எழுதினாள், மூடுவானேன்? பேருந்தில் வீடு திரும்பும்வரை யன்னலையே பார்த்திருந்தாள். உடன்பிறந்தவர் என்ற உரிமையோடு நீரே தொலைபேசியில் அவளை விசாரித்து எனக்கு எழுதும். நான் இனி எம்மேடையும் ஏறேன். பொன்னாடைகளை மடித்துப் பெட்டியில் இட்டாயிற்று.

உம் இல்லாளுக்கும் மக்களுக்கும் என் வாழ்த்து. மூத்தோர்க்கு வணக்கம். எவர் பெயரேனும் விடுபட்டிருப்பின் பொறுத்தருள்க.

தோல்வியிலும் தலைகுனியாத,
ஆனந்தராஜா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் உம் தமக்கை தேநீரோடு வந்தாள். சீட்டை ஏன் மறைத்தாய் என்று கேட்டுவிட்டேன். "உங்களுக்குத்தான் போட்டனான். யோகமலர் பார்த்தால் அவவுக்கு மனம் நோகும் எண்டு மூடினனான்" என்றாள். ஆகவே விசாரணை வேண்டாம். அந்த ஒற்றை வாக்கு நான் இட்டது. அவள் வகுப்பு பிழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதீர். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு எந்தச் சேலை உடுப்பது என்று அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.