டெல்லிப் புல் மேய்ந்த கிடாய்கள்

டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்து முடிந்த மறு வருடம், செயற்கைப் புல் ஹாக்கி மைதானம் இல்லாமல் சங்கரன்கோவில் இனி ஒரு நாளும் தாங்காது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. குடிதண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு தடவை வந்தாலும் தாங்கிக்கொள்ளும் ஊர்தான். ஆனால் புல் விஷயத்தில் அப்படிப் பொறுமை காட்ட முடியுமா? ஒன்பது பேர் கொண்ட இடத்தேர்வுக் குழு அமைந்தது. செயலர் ஆறுமுகச்சாமி. பந்தைத் தொட்டவர் ஒருவரும் குழுவில் இல்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா.

பெத்துராஜுக்கு முப்பத்திரண்டு வெள்ளாடுகள். ஊருக்குக் கிழக்கே ஊருணிக்கரைப் பொறம்போக்கில் மேய்த்து, கிடாய்களை விற்றுத்தான் சீவனம். தை மாதம் மகள் கல்யாணம். பத்துக் கிடாய் விலை போனால்தான் பந்தக்கால் ஊன்றலாம்.

குழு முதலில் பார்த்தது ஒரு கல்லாங்காட்டை. அங்கே எதுவும் முளைக்காது, யாருக்கும் வேண்டாத இடம். நம்மைப் போன்ற மடையர்கள் அதையே எடுத்திருப்போம். ஆனால் புல்தரை போடும் மண் புல் வளரும் தகுதியுடையது என்று விவசாய ஆபீசில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது விதி. செயற்கைப் புல்லுக்கு விலக்கு உண்டு என்று விதியில் எங்கும் இல்லை. இரண்டாவது இடத்தில் புல் இருந்தது, தண்ணீர் இல்லை. டெல்லியில் ஆட்டத்துக்கு முன்னால் செயற்கைப் புல்லுக்கும் தண்ணீர் தெளிக்கிறார்களாம். புல்லும் தண்ணீரும் சேர்ந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

பெத்துராஜ் ஆறுமுகச்சாமியைப் போய்ப் பார்த்தார்.

"சார், நல்ல புல்லைப் பிடுங்கிட்டா பொய்ப் புல்லைப் போடப் போறிய?"

"பொய்ப் புல்லுன்னு சொல்லப்படாது வே. அது சர்க்கார் புல்லு."

"என் ஆடு எங்கன மேயும்?"

"அதுக்குத் தனியா ஒரு குழு போடணும்."

சித்திரையில் ஊருணிக்கரைக்கு முள்கம்பி வேலி வந்தது, பலகை வந்தது. புல் மட்டும் வரவில்லை. அதை வாங்கும் செலவை எழுதுவது விவசாயத் தலைப்பிலா, பிளாஸ்டிக் தலைப்பிலா என்று கேட்டு திருநெல்வேலிக்குப் போன ஃபைல் அங்கேயே தங்கிவிட்டது. ஆடுகள் கரிசல் காட்டில் மேய்ந்து விலா எலும்பு தெரிய நின்றன. ஐப்பசி மழைக்கு வேலிக்குள் பச்சைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. பெத்துராஜ் தினமும் வேலியோரம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலையில் ஆறுமுகச்சாமி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"செயற்கைப் புல்லு போட்டாச்சுன்னு ஃபைல்ல எழுதியாச்சு. நாளை மறுநாள் மைதானத்தைத் திறக்க மேலதிகாரி வாராரு. ஆட்டை உள்ள விடும் வே. புல்லு ஒரே மட்டமா இருக்கணும்."

"ஆளை விட்டு வெட்டிரலாமே."

"செயற்கைப் புல்லை வெட்டுனேன்னு ஃபைல்ல எழுத முடியுமா? ஆடுன்னா தானா நுழைஞ்சிட்டுன்னு சொல்லிக்கிடலாம். ஒரேயொரு கைநாட்டு மட்டும் வையும். இது செயற்கைப் புல்லுதான்னு பக்கத்து ஆளு சாட்சி வேணும். பொறவு ஆயுசுக்கும் இங்கனயே மேய்ச்சுக்கிடும்."

மனைவி கோமதித்தாய் முறைத்தாள். "பச்சைப் புல்லைப் பாத்துப் பொய் சொன்னா வாய் அவிஞ்சிரும்."

"கைநாட்டுதான வைக்கேன், வாயால சொல்லலையே" என்றார் பெத்துராஜ். சர்க்காரையே ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

மேலதிகாரி வந்தார். குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"அசல் மாதிரியே இருக்கே. வாசனைகூட வருது."

"டெல்லிச் சரக்கு சார்" என்றார் ஆறுமுகச்சாமி. ஊரே கை தட்டியது.

அன்று முதல் வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் கோயிலைக் காட்டும் முன்னே மைதானத்தைக் காட்டினார்கள். உண்மை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தென்காசிக்காரனிடம் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? விதிப்படி காலையும் மாலையும் தண்ணி லாரி வந்து புல்லுக்குத் தெளித்தது. ஊருக்குத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவையாயிற்று.

மார்கழிக் கடைசியில் பெத்துராஜ் பத்துக் கிடாய்களைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். வழக்கமாக வாங்கும் சண்முகையா ஒன்றின் முதுகைத் தடவினார். சதை பிடித்துக் கொழுகொழுவென்று இருந்தது. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டார்.

"கால்நடை ஆபீசுல நோட்டீஸ் ஒட்டிருக்கு. செயற்கைப் புல்லு தின்ன ஆட்டை அறுக்கப்படாதாம்."

"அண்ணாச்சி, அது பச்சைப் புல்லுன்னு உமக்குத் தெரியாதா?"

"தெரியும் வே. ஆனா போன வாரம்தான் திருவேங்கடம் ஊருச் சம்பந்தியைக் கூட்டிட்டுப் போயி டெல்லிப் புல்லுன்னு காட்டுனேன். இப்பம் எந்த வாயால இல்லைன்னு சொல்ல? பச்சைப் புல்லுதான்னு ஆபீசுல ஒரு தாளு வாங்கிட்டு வாரும். பத்தையும் எடுத்துக்கிடுதேன்."

பெத்துராஜ் கிடாய்களோடு நேரே ஆறுமுகச்சாமியிடம் ஓடினார். அவர் மறுக்கவே இல்லை. ஃபைலை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"தாராளமாத் தரலாம். பக்கத்து ஆளு ஒருத்தர் சாட்சி சொல்லணும், அவ்வளவுதான்."

"நானே சொல்லுதேன் சார்."

ஆறுமுகச்சாமி ஃபைலை அவர் பக்கம் திருப்பி, மை காய்ந்த கைநாட்டைக் காட்டினார்.

"இந்தச் சாட்சி ஏற்கெனவே வேற மாதிரி சொல்லிட்டாரே வே."

திரும்பும் வழியில் தண்ணி லாரி புல்லுக்குத் தெளித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே வெறுங்குடத்தோடு நின்ற சனங்கள், புல் நனைந்து முடியும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதித்தாயும் அங்கேதான் நின்றாள். கிடாய்களை எண்ணினாள். பத்தும் இருந்தன.