அவித்த கேரட்டும் அலமாரிச் சாவியும்

அன்று மதியம் குடைக் கம்பெனியின் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டிக் கணக்கர். அவருக்கு எதிரே கிடங்குக்காரர். கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில், ஈரக் கையோடு, கடித அக்கா. மேசைக் கோடியில் மேலாளர். அவர் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். டீ போடுகிற அம்மா கதவில் சாய்ந்திருந்தார். வேண்டுமானால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேசைமேல் சாப்பாட்டு டப்பா ஒன்றுகூட இல்லை. எல்லாம் சுவர் அலமாரிக்குள் இருந்தன. அலமாரி பூட்டியிருந்தது. சாவி மேலாளரின் சட்டைப் பையில். மேசை நடுவில் ஒரே ஒரு கிண்ணம், அதில் உப்புப் போடாமல் அவித்த கேரட் துண்டுகள்.

கடித அக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். கம்பி வளைந்தது, துணி கிழிந்தது, பிடி கழன்றது என்று வருகிற புகார்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவர் வேலை. மணி ஒன்று அடித்தால் பேனாவை மூடிவிடுவார். இடியே விழுந்தாலும் அது சாப்பிட்டு முடித்த பிறகுதான் விழ வேண்டும்.

"இனிமே ஒரு மணிச் சாப்பாடுன்னு ஒண்ணு கிடையாது," என்றார் மேலாளர். முதலாளி அனுப்பிவைத்த ஆரோக்கியப் பயிற்சிக்குப் போய் வந்த சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. "பசி வேற, ஆசை வேற. பசி மெதுவா வரும், எதைக் குடுத்தாலும் சாப்பிடும். ஆசை திடீர்னு வரும், இதுதான் வேணும்னு அடம்பிடிக்கும். பசிக்கிறவங்க ஒரு துண்டு கேரட் எடுத்துக்குங்க. ருசிச்சா அது பசி, சாவி தருவேன். முகம் கோணினா அது ஆசை, சீட்டுக்குப் போயிடுங்க."

"ஆசைப்பட்டா என்ன சார் குத்தம்? ஆசைப்பட்டுத்தானே கல்யாணமே பண்ணிக்கிட்டீங்க?" என்றார் கடித அக்கா.

"அதுக்கும் பயிற்சியில பதில் சொன்னாங்க மேடம். கேரட்டை எடுங்க."

கடித அக்கா எடுத்தார். முகம் கோணக் கூடாது என்று வைராக்கியத்தோடுதான் வாயில் போட்டார். முகம் வைராக்கியத்தை மதிக்கவில்லை.

"ஆசை," என்றார் மேலாளர்.

கிடங்குக்காரர் தன் துண்டை மாத்திரை மாதிரி முழுங்கிவிட்டு, "அமிர்தம் சார்!" என்றார். சாவி கிடைத்தது. அவர் டப்பாவைத் திறந்த வாசனை மற்றவர்களை இருக்கைவரை துரத்தி வந்தது.

அன்று மாலையே கடித அக்கா வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார்.

"என்ன, பல் வலியா?" என்றார் கணவர்.

"சிரிக்கிறேன். வாயை மூடுங்க."

மறுநாள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு தின்றார். மேலாளருக்குச் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க இன்னொன்று தின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் இரண்டு.

"பிரமாதம் மேடம்! ஆனா நாலு துண்டு ஆயிடுச்சே. இருந்த பசியும் இப்ப அடங்கியிருக்குமே!"

சாவி சட்டைப் பைக்குள்ளேயே இருந்துகொண்டது.

சரி, இவருக்கு நிஜப் பசிதானே வேண்டும், காட்டுகிறேன் என்று அடுத்த நாள் காலையில் பட்டினியாக வந்தார். பசி வந்தது. வந்ததோடு நிற்காமல் பேனாவுக்குள்ளும் இறங்கியது. முதல் காற்றிலேயே குடை மடங்கிக்கொண்டது என்று ஒருவர் எழுதியிருந்த புகாருக்கு இப்படிப் பதில் தயாரானது: "வருந்துகிறோம். குடையை நன்றாக அவித்து, உப்பில்லாமல் திருப்பி அனுப்பவும்."

மேலாளர் அதைப் படித்தார். "பார்த்தீங்களா? வேலை நடுவுல சாப்பாட்டு நினைப்பு. ஆசைக்கு இதைவிட அத்தாட்சி வேணுமா?"

அன்று கேரட்கூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கடித அக்கா ஒரு முழு கேக் வாங்கி, பஸ் இறங்குவதற்குள் பெட்டியைக் காலி செய்தார். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டையும் விடவில்லை.

"பூட்டுப் போடுற வரைக்கும் ஒரு டப்பாவோட நிறுத்தின பொம்பளை நான்," என்றார் மறுநாள் கணக்கரிடம்.

"என் கதையைக் கேளுங்க. பில்லு அடுக்குற டிராயர்ல இப்ப பிஸ்கட்தான் இருக்கு. பேன்ட் பொத்தான் போட முடியல."

மணி ஒன்று அடித்தது. கடித அக்கா பேனாவை மூடினார். நேராகப் போய் மேசைமுன் உட்கார்ந்து, கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"உண்ணாவிரதம்னு கேள்விப்பட்டிருப்பீங்க சார். இது உண்ணும் விரதம். டப்பா வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

கணக்கர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிடங்குக்காரரும் நாற்காலியை இழுத்தார்.

"நீதான் தினம் பாஸாச்சேப்பா, உனக்கென்ன?"

"தனியா சுவத்தைப் பார்த்துச் சாப்பிட்டுப் பாருங்க அக்கா. அதுவும் கேரட் மாதிரிதான் இருக்கு."

மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டார். "உத்தரவு முதலாளியோடது. நான் மாத்த முடியாது. வேணும்னா அவருக்கு எழுதுங்க."

"எழுத மாட்டேன்னு நினைச்சீங்களா?"

"வேலையே போயிடும் அக்கா," என்று கணக்கர் காதில் சொன்னார்.

"போகட்டும். வயித்தைப் பூட்டிக்கிட்டு என்ன வேலை?"

அங்கேயே எழுதினார். "ஐயா, எங்கள் வயிறு கம்பெனியில் சேர்ந்தபோது கொடுத்தது அல்ல, பிறக்கும்போதே கொண்டுவந்தது. பசியா ஆசையா என்று அதனிடம் நாங்களே கேட்டுக்கொள்வோம். கேட்பதற்கு நிதானம் வேண்டும். நிதானத்துக்கு ஒரு நாற்காலியும் கூடச் சாப்பிட ஆட்களும் வேண்டும். பூட்டினால் பசி அடங்காது, சாயங்காலம் வட்டியோடு வரும். எங்கள் ஒரு மணியைத் திருப்பித் தரவும். தராவிட்டால் இனி எந்தக் குடைக்கும் எங்களிடமிருந்து பதில் போகாது."

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"விரைவுத் தபால்ல அனுப்புங்க," என்றார் மேலாளர். "மேலே அவசரம்னு எழுதுங்க. பெரிய எழுத்துல."

"மிரட்டுறீங்களா சார்?"

"இல்ல மேடம். பசை சரியா ஒட்டுதான்னு பார்த்துக்குங்க."

என்ன திமிர்! கடித அக்கா உறையின் வாயை ஒட்டி, மேலாளரின் கண்ணெதிரே அதன்மேல் முஷ்டியால் ஒரு குத்து விட்டார். தபால் எடுக்க வந்தவர் உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை நின்றிருந்த மேலாளர், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பார்த்தீங்களாம்மா, அந்த ஆளோட நெஞ்சழுத்தத்தை?"

டீ அம்மா கேரட் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நெஞ்சழுத்தமா? தினம் நீங்கள்லாம் போனப்புறம் அந்த மனுஷனும் ஒரு துண்டு கடிச்சுப் பார்க்கிறாரு. முகம் கோணிடுது. தன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாரு."