சோதி அண்ணையின் ஆறும் என் ஈ-ரீடரும்

எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் புதுப் பொருளும் பொட்டு வைத்துக்கொள்ளாமல் வேலை தொடங்கியதில்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் சந்தனம் வைத்தோம். முதல் கார் வாங்கியபோது நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். மேல்மாடியில் இருக்கும் ஜெர்மன்காரி யன்னலால் பார்த்துவிட்டு, இது ஏதோ டயர் சோதனையாக்கும் என்று நினைத்து, தன் காருக்கும் தேவையா என்று கேட்டாள். (தேவை என்றேன். அவளும் வைத்தாள். இன்றுவரை அந்தக் காரில் ஒரு கீறல் இல்லை.)

அந்தப் பொருள்கள் எல்லாம் பொட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டன. ஒன்றே ஒன்றுதான், வைத்த பொட்டுக்கு வேலை காட்டியது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஊரில் எட்டாம் வகுப்போடு சரி. இங்கே ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவியே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் முருகன் எனக்கு ஒரு குரலைத் தந்தான். கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் கோயிலில் புராணம் படிப்பது நான்தான். கோயில் என்றால் கோபுரத்தைத் தேடாதீர்கள். டயர்க் கடைக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். உள்ளே போனால் கற்பூர வாசம், வெளியே வந்தால் றப்பர் வாசம்.

புராணப் படிப்பு தனி ஆள் வேலை அல்ல. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது விளக்கம். பிறகு அடுத்த பாட்டு. நான் வாசிக்க, பயன் சொல்பவர் சோதி அண்ணை. டிராம் பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் ஒரு பாட்டுக்குள் இறங்கினால் லேசில் கரையேற மாட்டார். எங்கள் கோயிலில் பொங்கல் எப்போதும் ஆறிப்போய்க் கிடைப்பதற்கு அவர்தான் காரணம். அவர் நீட்டத் தொடங்கினால் நான் இருமுவேன். 'போதும் அண்ணை' என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்த்து, "தம்பிக்கு யாரும் கொஞ்சம் சுடுதண்ணி குடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார். இப்படியே பல வருடம் போனது.

பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என் கண்ணில் கைவைத்தது. சில வருடங்களுக்கு முந்திய ஒரு சஷ்டியில் ஒரு பாட்டை இரண்டு தரம் வாசித்து, அடுத்ததைப் பாயவிட்டு, போர் தொடங்கு முன்பே ஒரு அசுரனைச் சாகடித்துவிட்டேன். சனம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை. நிர்வாகத் தலைவர் என்னைக் கோயில் வாசலில், சப்பாத்துகள் கிடக்கும் இடத்தில் வைத்து, மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அடுத்த வருசம் ரெக்கோடிங்கைப் போட்டுவிடுவம். உங்களுக்கும் ஆறுதல்."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான்தான் அன்று தந்த பொங்கலைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னிடம் இருந்த ஒரே தொண்டு அதுதான். அதையும் ஒரு பெட்டி செய்து முடிக்கும் என்றால் நான் கோயிலுக்குப் போய் என்ன செய்வது, சப்பாத்து அடுக்குவதா?

கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலை செய்யும் எங்கள் மகள் ஆரணி இதைக் கேட்டு வைத்துக்கொண்டாள். அடுத்த சஷ்டிக்குச் சில கிழமைகள் முன்பு தபாலில் ஒரு பொதி வந்தது. உள்ளே கறுப்பாக, மெல்லியதாக ஒரு பொருள். மகள் அதை ஈ-ரீடர் என்றாள். என் மனைவி கமலா சிலேட்டு என்றாள். புராணம் முழுவதையும் அதற்குள் அனுப்பிவிடலாமாம். எழுத்தைத் தேசிக்காய் அளவுக்குக்கூடப் பெருப்பிக்கலாமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் அதை இணைக்க வேண்டும் என்ற விஷயம் அப்போது தெரியாது.

மகளுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். பின்னேரம் வீடியோவில் வந்தாள். வைஃபையை இங்கே வேலான் என்பார்கள். (பெயரிலேயே வேல் இருப்பதால் எனக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை.) அதன் கடவுச்சொல் அதைத் தரும் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். எங்கள் பெட்டியோ சாமித் தட்டுக்குப் பின்னால். நான் தரையில் குப்புறப் படுத்து டோர்ச் அடிக்க, கமலா பெட்டியில் படிந்திருந்த திருநீற்றை ஊதித் தள்ளி எழுத்தெழுத்தாகச் சொன்னாள். கடைசியில் அது ஏற்றுக்கொண்டது. திரையில் ஒரு இலக்கம் வந்தது. பத்து நிமிடத்துக்குள் அந்த இலக்கத்தைத் தனக்குச் சொல்ல வேண்டும் என்றாள் மகள். தான் அதைக் கணினியில் அடித்துப் பதிவு செய்வாளாம்.

நான் வாயைத் திறக்க, கமலா கையைக் காட்டி நிறுத்தினாள். "இஞ்சேருங்கோ, ராகுகாலம். ஆறு மணிக்குத்தான் முடியும். புராணம் ஏத்துற சாமானுக்கு ராகுகாலத்திலயோ பேர் பதியிறது?"

"அம்மா, அதுக்குள்ள நம்பர் செத்துப்போயிடும்" என்றாள் மகள்.

"செத்தா வேற நம்பர் தரட்டும்."

நானும் கமலாவின் பக்கம்தான். மகள், ஜெர்மனியில் கோடைக்கு ஒரு நேரம் குளிருக்கு ஒரு நேரம் என்று மணிக்கூட்டை மாற்றும்போது ராகுவும் மாற்றுவாரா என்று கேட்டாள். கமலா பதிலுக்குப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக் காட்டினாள். இலக்கம் செத்தது. ஆறு மணிக்குப் பிறகு வேறொன்று பிறந்தது. பதிவு முடிந்ததும் மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். அது சாமிக்கு வைத்தது அல்ல என்று இப்போது விளங்குகிறது.

முடிவில் ஒன்று சொன்னாள். "அப்பா, கோயிலில வேலான் தேவையில்லை. அதை நிப்பாட்டி வையுங்கோ. புத்தகம் உள்ளுக்குள்ளதான் இருக்கு."

ஓம், சரி என்றேன். ஆனால் மனம் கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு இணைத்ததை யார் துண்டிப்பார்கள்? சஷ்டி முதல் நாள் கோயிலுக்குப் போனதும் அங்கிருந்த வேலானின் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி, மகளின் துணை இல்லாமல் நானே இணைத்தேன். என் வாழ்க்கையில் நானாக இணைத்த முதல் இயந்திரம். பெருமை தாங்கவில்லை. பழைய புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டேன். எழுத்துத்தான் தேசிக்காய் போல இருக்கிறதே என்று மூக்குக் கண்ணாடியையும் வைத்துவிட்டேன்.

பிறகு ஈ-ரீடரைத் தட்டில் வைத்து ஐயரிடம் நீட்டினேன். ஐயர் சந்தனத்தை எடுத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பொட்டை எங்கே வைப்பது என்று கேட்டார்.

"முன் பக்கத்தில வையுங்கோ ஐயா. முகம் எண்டால் அதுதானே."

வலது பக்கக் கீழ் மூலையில், நல்ல ஈரமாக, தாராளமாக வைத்தார்.

சனம் வந்து அமர்ந்தது. முதல் வரிசையில், இந்த முறை ஒரு தரம் பார்ப்போம் என்று என்னை வாசிக்க விட்டிருந்த தலைவர். பக்கத்தில் ஒலிபெருக்கி, அதற்கு மேல் ரெக்கோடிங் பெட்டி தயாராக. நான் வாசிக்க முடியாவிட்டால் என்பதற்காக. முதல் பாட்டை வாசித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் என்னைப் பார்த்து 'வா' என்றது. இரண்டாவது பாட்டு ஒரு ஆற்றைப் பற்றியது. என் குரல் இளந்தாரிக் குரலாக எழும்பியது. கமலா பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்தாள். சோதி அண்ணை ஆற்றுக்குப் பயன் சொல்லத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு அறிவிப்பு விழுந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே புதுப்பிக்கவா என்று ஜெர்மனில் கேட்டது. கீழே இரண்டு பொத்தான். நான் தொடவில்லை, முருகன் அறிய நான் தொடவில்லை. வலது மூலையில் இருந்த 'ஆம்' தானாகவே அமுங்கியது. புராணம் மறைந்தது. வெறும் திரையில் மெல்ல மெல்ல நிறையும் ஒரு கோடு, தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி.

சோதி அண்ணை விளக்கத்தை முடித்து, அடுத்த பாட்டுக்காக என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இது போயிட்டுது" என்றேன், உதடு அசையாமல்.

"எங்க போயிட்டுது?"

"தன்னைத் தானே புதுப்பிக்குதாம்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"இப்ப நூத்துக்கு நாலு வீதம்."

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது. பிறகு தலைவரைப் பார்த்தார், ரெக்கோடிங் பெட்டியையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார்.

"அடியார்களே, இந்த ஆறு லேசுப்பட்ட ஆறு இல்லை."

முதலில் தண்ணீரின் நிறம். பிறகு கரையில் நின்ற மரங்கள், மரத்தில் இருந்த குருவிகள், குருவிகளின் குடும்ப நிலவரம். பிறகு மீன்கள். எங்கள் ஊரில் ஆறு ஏது? கிணறும் கடலும்தான். ஆகவே எங்கள் கடலின் விளைமீனும் ஒட்டியும் பாரையும் புராண ஆற்றில் நீந்தின. விரதகாரர் ஒருவர் எச்சிலை விழுங்கியது எனக்குக் கேட்டது. அதுவும் முடிய, இங்கே ஊன்ட்றொப் ஊரில் இருக்கும் பெரிய அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாயிலிருந்து மணல் ஏற்றிய கப்பல் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் மடிக்குள் மூன்று விரலைக் காட்டினேன். முப்பது வீதம். கோயில் வேலான் அப்படி. கப்பல் இன்னும் மெதுவாகப் போனது.

இதற்கிடையில் கமலா நைசாக எழும்பி வெளியே போய் மகளுக்குப் போன் அடித்திருக்கிறாள். மகள் கேட்டதைப் பிறகு வீட்டில் சொன்னாள்.

"அம்மா, திரையில ஏதும் ஒட்டிக்கொண்டு நிக்குதோ?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. சந்தனம் மட்டும்தான்."

விரல் பட்டாலும் சந்தனம் பட்டாலும் அதற்கு ஒன்றுதான், உடனே துடையுங்கள் என்றாளாம் மகள்.

கமலா உள்ளே வந்து, பெண்கள் பக்கத்தில் நின்றபடி தன் நெற்றியைத் தொட்டு, துடைப்பது போலச் சைகை காட்டினாள். எனக்கு வியர்த்திருந்தது உண்மை. நான் என் நெற்றியைத் துடைத்தேன். அவள் இல்லை என்று தலையாட்டித் திரும்பவும் காட்டினாள். நான் இன்னும் அழுத்தித் துடைத்தேன். என் பொட்டும் போனது, திருநீறும் போனது. சஷ்டி முதல் நாளில் பாழ் நெற்றியோடு புராணம் படிக்க இருந்தவன் நான் ஒருவன்தான். கடைசியில் அவளே சனத்துக்கு நடுவால் வந்து, சேலைத் தலைப்பால் ஈ-ரீடரின் முகத்தைத் துடைத்தாள், மூக்கு வடியும் பிள்ளைக்குத் துடைப்பது போல. கையோடு தன் போனையும் என் முன்னால் வைத்தாள், அதில் புராணத்தைத் தேடி எடுத்து. எழுத்துகள் எறும்பு வரிசையாக ஓடின. என்னால் ஏலாது என்று தலையாட்டினேன்.

தலைவரின் கை ரெக்கோடிங் பெட்டிப் பக்கம் போனது.

சோதி அண்ணையும் அதைக் கண்டார். அவரிடம் சொல்ல மீன் இல்லை, மரம் இல்லை. பிறகு பயன் சொல்லும் குரலை விட்டுவிட்டு, வீட்டுக் குரலில் சொன்னார்.

"நாங்களும் எல்லை தாண்டி வரேக்க ஒரு ஆத்தங்கரையில நிண்ட ஆக்கள்தானே. அந்தக் கரையில ஆர் நிக்கிறான் எண்டு தெரியாது. நான் சப்பாத்தைக் கழுத்தில கொழுவிக்கொண்டு இறங்கினனான். தண்ணி நெஞ்சுமட்டும். குளிரில முருகா எண்டு கூப்பிடக்கூட வாய் வரேல்லை. மனசுக்குள்ளதான் கூப்பிட்டனான். அப்பிடிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேக்கும் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

இங்கே பிறந்த பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். அங்கே இருந்த எங்கள் வயதுக்காரர் எல்லோரும் ஏதோ ஒரு எல்லையை ஏதோ ஒரு விதமாகக் கடந்தவர்கள். தலைவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இத்தனை வருடம் சோதி அண்ணையின் பக்கத்தில் இருந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும், நான்தான் இருமிக்கொண்டே இருந்தேனே.

கோடு நிறைந்தது. ஈ-ரீடர் கண் விழித்து, நல்வரவு என்றது. புராணத்தைத் தேடிப் பிடித்தேன். அதே பக்கம், அதே தேசிக்காய் எழுத்து. அண்ணையின் முழங்காலில் மெதுவாகத் தட்டினேன். அவர் ஆற்றை விட்டு வெளியே வர, நான் அடுத்த பாட்டை எடுத்தேன். அதில் எல்லோரும் அக்கரை சேர்ந்தார்கள். என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கண் தெரியாததால் அல்ல.

பூசை முடிந்து பொங்கல் வாங்கும்போது தலைவர் வந்தார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். பிறகு போகிற போக்கில், "அதுக்கு ஆத்தைப் பற்றிக் கதைக்கத் தெரியாது அண்ணை" என்றார். பொங்கல் வழக்கத்தைவிட ஆறிப்போயிருந்தது. நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த ஆறு எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. நான் குளியலறையில் கொஞ்சம் சுணங்கினால் கமலா கதவைத் தட்டி, "இன்னும் எத்தனை வீதம்?" என்பாள். டொக்டரிடம் டெர்மின் என்று நேரம் குறித்தும் காத்துக்கொண்டிருந்தால், "சோதி அண்ணை ஆத்துக்குள்ள நிக்கிறார்" என்பாள். மகள் அலுவலகத்திலும் கணினி புதுப்பிக்கும்போது இதைச் சொல்லப்போய், அங்கே இருக்கும் ஜெர்மன்காரருக்கும் சோதி அண்ணையைத் தெரியுமாம்.

ஈ-ரீடருக்கு இப்போதும் பொட்டு வைக்கிறோம், முதுகில். கோயிலுக்குள் போகுமுன் வேலானை நிறுத்துகிறேன். இருமலையும் நிறுத்திவிட்டேன். ஆனால் ஒவ்வொரு சஷ்டிக்கும் புராணத்தைத் தொடங்குமுன் சோதி அண்ணை என் பக்கம் குனிந்து கேட்காமல் விடமாட்டார்.

"தம்பி, எங்க சந்தனம் வைச்சனி? முன்னுக்கெண்டால் இப்பவே சொல்லு. நான் ஒரு கடல் ஆயத்தம் பண்ண வேணும்."