மல்லிகாவின் கணவர் கண்டுபிடித்தது

அடுத்த வீட்டுக்காரன் மேல் பொறாமைப்படுவது சுலபம். கதவைச் சாத்திக்கொண்டு வயிறெரியலாம். கட்டிய மனைவி மேல் பொறாமைப்பட்டால், அவள் போடும் சோற்றைத் தின்றுகொண்டேதான் எரிய வேண்டும். நான் ஒரு போகம் முழுக்க அப்படித்தான் சாப்பிட்டேன். (குறை சொல்ல வழியில்லாதபடி குழம்பு வேறு வைப்பாள்.)

மாகறலில் எங்கள் நெல் வயலுக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர்கள் அந்த முறை வழக்கம்போலப் பாடம் நடத்தவில்லை. "ரசாயன உரத்தைக் குறைச்சுப் பயிர் வைக்க முடியுமான்னு நாம சேர்ந்தே சோதிச்சுப் பார்ப்போம். நீங்களும் ஆராய்ச்சியாளர்தான்" என்றார்கள். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர்களோ என்னைத் தாண்டிப் போய், வரப்பில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி மல்லிகாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டா என் பெயரில். மோட்டார் போடுவது நான். ஆனால் அன்றிலிருந்து அவள் 'மல்லிகா மேடம்', நான் 'மேடத்தோட ஹஸ்பெண்ட்'.

அறுவடை முடிந்ததும் காஞ்சிபுரத்தில் கூட்டம் வைத்தார்கள். மல்லிகா தயாரித்த மீன் அமிலத்தைப் பற்றி (மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து, தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளிப்பது) அவளே மேடையில் பேசப்போகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் ரகசியமாக மீன் அமிலம் போட்டேன், வெல்லத்தை அள்ளிக் கொட்டி. அதே மேடையில் என் சரக்கைக் காட்டி, 'யார் இவர்?' என்று அவர்களைக் கேட்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஊறும்போது உள்ளே காற்று உண்டாகும் என்பதால், எல்லோரும் மேலே துணிதான் கட்டுவார்கள். துணி கட்டினால் நாற்றத்திலேயே மல்லிகா கண்டுபிடித்துவிடுவாளே! ஆகவே பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மூடியை முறுக்கி, அதன் மேல் டேப்பும் சுற்றி வைக்கோல் போருக்குள் செருகினேன். (என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.)

கூட்டத்தன்று பஸ்ஸில் என் மடியில் இருந்த பை உப்பிக் கிடந்தது.

"பையில இன்னா எடுத்துக்கினு வர்றீங்க?" என்றாள் மல்லிகா. கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள்.

"தண்ணி."

மண்டபத்தில் அவள் பேசப் பேச, அதிகாரிகள் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். பக்கத்து ஊர் விவசாயிகள் கைதட்டினார்கள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மேடையேறிவிட்டேன்.

"அது சும்மா சாம்பிள்! ஒரிஜினல் இங்க இருக்குது, பாருங்கபா!" என்று பையிலிருந்து கேனை எடுத்து டேப்பைப் பிரித்தேன்.

மூடியை நான் திறக்கவில்லை. அதுவே போனது. பின்னாலேயே உள்ளிருந்த சரக்கும் மேலே போக, மின்விசிறி அதைப் பாரபட்சமில்லாமல் முன்வரிசை முழுக்கப் பரிமாறியது. என் முகம், ஆராய்ச்சி நிலைய இளம் அதிகாரி ஒருவரின் கண்ணாடி, மல்லிகாவின் பட்டு, எதுவும் தப்பவில்லை.

மல்லிகா நிதானமாக மைக்கைப் பிடித்தாள். "இவரு எங்க வூட்டுக்காரரு. மூடியை இறுக்கினா இன்னா ஆவும்னு இதுவரைக்கும் யாரும் சோதிச்சுப் பாக்கல. இப்போ பார்த்தாச்சு."

மண்டபம் அதிர்ந்தது. (அந்தக் கைதட்டலும் அவளுக்கே!)

இளம் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், வெல்லம் எவ்ளோ போட்டீங்க? வெயில்ல இருந்துச்சா?" அவர்களில் ஒருவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. மீன் செதில் ஒட்டிய மீசையோடு விலாவாரியாகப் பதில் சொன்னேன்.

கொஞ்ச நாளில் ஊர் பால் சொசைட்டிச் சுவரில் 'விவசாயிகளே கண்டறிந்தவை' என்று ஒரு தட்டி மாட்டினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசி வரி: 'மீன் அமிலக் கேனை இறுக்கி மூடக் கூடாது. கண்டறிந்தவர்: மல்லிகாவின் கணவர்.'

மீன் என்னுடையது, கேன் என்னுடையது, வெடித்ததும் என் கையில். பெயர் மட்டும் அவளுடையது! கொதித்துப்போய் நின்றேன்.

பின்னாலிருந்து மல்லிகாவின் குரல் கேட்டது. "இன்னாங்க, மூடியைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க."

இன்றும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள், போன மாதம் வந்த மருமகன் உட்பட.