கட்டினவனுக்கு ஆகாத கல்

குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் பெண் கேட்டுப் போகக் கூடாது. போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் போகவும் போனேன், வாயையும் திறந்தேன்.

சிம்பாங் பூலாயில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. ஓட்டைக் கையுறையைப் பிடிப்பதுதான் பிழைப்பு. (பிடித்ததும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது ஒரு வியாதி.) வள்ளியம்மை, ஈப்போவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டு ஒரே பெண். நான் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஜோசப். மூன்று வருடம் அவள் அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக அவள் அம்மா உமையாள் இறங்கி வந்தார். "ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு, பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் சம்மதம் என்று நானே முடிவுகட்டி வைர மோதிரம் வாங்கினேன். அதற்காக ஒரு மாதம் படித்தேன். கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல், மங்கல் எல்லாவற்றையும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத்தான் தரம் போடுவார்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் மேல்தரம். தேடித் தேடிப் பார்த்துத் தெரிந்தால் வி.எஸ். லென்ஸில் சட்டென்று தெரிந்து, வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் எஸ்.ஐ. கண்ணுக்கே தெரியாத குறைக்கு எதற்கு அழ வேண்டும் என்று எஸ்.ஐ. கல்லாகப் பார்த்து, கொஞ்சம் பெரிதாகவே வாங்கினேன். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து நேரே அவர்கள் வீடு. கூடத்தில் வள்ளி, அவள் அம்மா, அப்பா மூவரும். உமையாள் மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் இளகியது.

"நல்லா ஜொலிக்குது லா."

அதோடு விட்டிருக்கலாம். நான் சான்றிதழை விரித்தேன். "உள்ளுக்குள்ள எங்க என்ன இருக்குன்னு படமே போட்டுக் குடுத்திருக்காங்க ஆன்ட்டி. இதோ, செவப்பு மையில. சின்னதா ஒரு கரும்புள்ளிதான்."

வள்ளி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கரும்புள்ளியா?"

"கண்ணுக்குத் தெரியாது ஆன்ட்டி. இதை வச்சுப் பாத்தாதான் தெரியும்." லென்ஸை நீட்டினேன். (அதையும் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். சொன்னேனே, வியாதி.)

பெட்டி மூடியது. "புள்ளி விழுந்த வைரம் கட்டினவனுக்கு ஆகாது தம்பி. தெரிஞ்சே வாங்கிட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு எம் பொண்ணு தாலியறுத்து நிக்கணுமா?"

"வேற கல்லு மாத்திடுறேன் ஆன்ட்டி."

"கல்லை மாத்தலாம். சகுனத்தை மாத்த முடியுமா?"

சொல்லிக்கொண்டே வலது காதின் ஒற்றைக்கல் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். "வள்ளி பொறந்தப்ப இவுக வாங்கிக் குடுத்தது. இருபத்தேழு வருசம். சுத்தமான கல்லு எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க."

லென்ஸில் பார்த்தேன். நட்ட நடுவில் ஒரு கரும்புள்ளி. பக்கத்தில் அதற்குத் துணையாக இன்னொன்று. என் கல் இதற்குத் தேவலை. கண்டுபிடித்த சந்தோஷம் தொண்டை வரை வந்துவிட்டது. நிமிர்ந்தேன். வள்ளியின் அப்பா கோப்பிக் கோப்பையைப் பிடித்திருந்தார். அவர் கண் என்னைக் கெஞ்சியது. அவருக்குத் தெரியும்.

சொன்னால் மனுஷன் மானம் போகும். சொல்லாவிட்டால் வள்ளி போவாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குறையைத் தெரிந்தே விட்டேன்.

"சுத்தம் ஆன்ட்டி."

"அதான் இவுக இன்னிக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்காக. நீங்க கோப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

வள்ளி விம்ம ஆரம்பித்தாள். கோப்பியைத் தொடாமல் எழுந்தேன். தோட்டையும் லென்ஸையும் மேசையில் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். உள்ளே கோப்பை மேசையில் வைக்கப்படும் சத்தம்.

"உமையா, அந்த லென்ஸை எடுத்து நீயே பாரு."

உமையாள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னங்க இது?"

"வாங்கறப்பவே கடைக்காரன் சொன்னான். கண்ணுக்குத் தெரியாதுன்னான். அன்னிக்கு என்னால முடிஞ்சது அவ்வளவுதான். இருபத்தேழு வருசமாச்சு. எனக்கு என்ன ஆயிருச்சு, சொல்லு."

லென்ஸைக் கீழே வைக்காமலே கணவரை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார் உமையாள். (மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி கூடக் கிடையாது.) பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதானே சுத்தம்னு சொன்னீங்க?"

தலையாட்டினேன்.

"உங்க கல்லுல உள்ளதை ஒளிக்கல. இவுக கல்லுல உள்ளதைச் காட்டிக் குடுக்கல." தோட்டைத் திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டார். "செருப்பைக் கழட்டுங்க தம்பி. சாப்டுட்டுப் போலாம்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மாமாவுக்கு (இனி அப்படித்தானே கூப்பிட வேண்டும்) மட்டும் அந்த வாரம் முழுக்க வெறும் ரசம்தான் என்று வள்ளி சொன்னாள்.

அத்தை அந்தத் தோட்டை இன்னும் மாற்றவில்லை. மாமா இருமினால் போதும், காதைத் தொட்டுக்கொண்டு, "புள்ளி வேலையைக் காட்டுது" என்பார். போன மாதம் எனக்குக் காய்ச்சல். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. லென்ஸை எடுத்து மோதிரத்தைப் பார்த்தாள்.

"புள்ளி அதே அளவுதான் இருக்கு. எழுந்து வேலைக்குப் போங்க."